டவர் வேலை: எந்த நொடியிலும் ஒரு கொக்கி

ஊர்ப்புறத்தில் வயர்லெஸ் இன்டர்நெட் வைத்திருக்கும் வீடுகளின் மொட்டை மாடியில் ஒரு சின்ன வெள்ளை டிஷ் இருக்கும். சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு டவரை நோக்கி அதைத் திருப்பி வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு தென்னந்தோப்பு வந்துவிட்டால் போதும், சிக்னல் படுத்துவிடும். இந்தச் சேவைகளில் ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இலைதழைகளைத் துளைத்துப் போகும் சக்தி குறைவு. அதனால் ரேடியோ மரங்களுக்கு மேலே இருந்தாக வேண்டும். மேலே வைத்த பொருள் கெட்டால், சரிசெய்ய யாராவது மேலே போயாக வேண்டும்.

2018 அக்டோபரில் இந்த அலைவரிசையின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. சின்ன ஆபரேட்டர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் செல்போன் டவர்களில் ஏறுவதற்கு 'ரிக்கர்' என்று பயிற்சி பெற்ற ஆட்கள் இருப்பதுபோல, சின்ன ஆபரேட்டரிடம் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. காலையில் வீடு வீடாகக் கேபிள் இழுத்த இளைஞரே மாலையில் டவரிலும் ஏறுகிறார். அவருக்காகவும், அவரை ஏறச் சொல்பவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றே ஒன்று. தரையிலிருந்து கால் எடுத்த நொடி முதல் திரும்பத் தரையில் கால் வைக்கும் வரை, உடம்பு ஒரு கொக்கியாலாவது டவரோடு பிணைந்திருக்க வேண்டும். ஏறும்போதும், நிற்கும்போதும், பக்கவாட்டில் நகரும்போதும், களைத்துப்போய் இறங்கும்போதும் அப்படித்தான். 'மேலே போய் மாட்டிக்கொள்கிறேன்' என்பவர் மேலே போகும் வழி முழுவதும் பாதுகாப்பே இல்லாமல் போகிறார். இறங்கும்போதும் அதே கதை.

பிடித்துக்கொள்ள நேரம் இருக்காது

'கை வழுக்கினாலும் சட்டென்று எதையாவது பிடித்துக்கொள்வேன்' என்ற நம்பிக்கை ஏறுகிற எல்லோருக்கும் உண்டு. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. விழ ஆரம்பித்த அரை நொடியில் உடம்பு ஏறக்குறைய 1.2 மீட்டர் கீழே போயிருக்கும், வேகம் மணிக்கு 17 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஒரு நொடியில் 5 மீட்டர் ஆழம், 35 கிலோமீட்டர் வேகம். இரண்டாவது நொடி முடியும்போது கிட்டத்தட்ட 20 மீட்டர், மணிக்கு 70 கிலோமீட்டர். விழுகிறோம் என்று மூளைக்கு உறைப்பதற்கே கால் நொடி ஆகும். 80 கிலோ உடம்பு அந்த வேகத்தில் போகும்போது, விரல்களால் இரும்பைப் பற்றி நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை.

'பனையே ஏறின பரம்பரை, டவர் எம்மாத்திரம்' என்று சொல்பவர்களும் நம் ஊரில் உண்டு. பனையேறிகளின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பனையிலிருந்து விழுந்து உயிர்விட்டவர்களும், இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுத்தவர்களும் பனங்காட்டு ஊர்களில் இருக்கிறார்கள். அதோடு, பனை ஏறும்போது மார்பும் கைகளும் கால்களும் மரத்தை அணைத்தபடி இருக்கின்றன. டவரில் மேலே போனபின் இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஸ்பேனர் பிடிக்க வேண்டும், கனெக்டர் முறுக்க வேண்டும், டிஷ்ஷை அரை டிகிரி திருப்ப வேண்டும். கைகள் வேலைக்குப் போய்விட்டால் உடம்பைப் பிடித்துவைக்க வேறு ஏதாவது வேண்டும்.

பெல்ட் வேறு, ஹார்னஸ் வேறு

அந்த 'வேறு ஏதாவது' என்று பலரிடம் இருப்பது இடுப்பில் கட்டும் ஒற்றைப் பெல்ட். விழுந்தவரை நிறுத்தும் வேலைக்கு அது உதவாது. தடுத்து நிறுத்தும்போது மொத்த விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். உள்ளுறுப்புகள் நசுங்கலாம், ஆள் தலைகீழாகி பெல்ட்டிலிருந்து நழுவியும் விடலாம். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா என்ற அரசு அமைப்பு, 1998 ஜனவரி 1 முதல் விழுதலைத் தடுக்க இடுப்புப் பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்றே விதித்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் அது இன்றும் 'சேஃப்டி பெல்ட்' என்ற பெயரில் கிடைப்பது எனக்கு ஆத்திரமூட்டும் விஷயம்.

வேண்டியது முழு உடல் ஹார்னஸ். தோள், மார்பு, இரண்டு தொடை என்று சுற்றி வரும் பட்டைகள் விசையைப் பிரித்து, உடம்பின் வலுவான பகுதிகளுக்கு அனுப்புகின்றன. முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு இரும்பு வளையம் இருக்கும். விழுந்தால் தாங்கும் கயிறு அதில்தான் சேர வேண்டும். மார்பிலும் சில ஹார்னஸ்களில் ஒன்று உண்டு. இடுப்பின் இரு பக்கமும் உள்ள வளையங்கள் நின்று வேலை செய்யச் சாய்ந்துகொள்வதற்கு மட்டும். அதில் மாட்டிக்கொண்டு 'பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று நினைப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. வாங்கும்போது ஐ.எஸ். 3521 அல்லது ஈ.என். 361 என்ற தரக் குறியீடு லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். தொடைப் பட்டை தளர்ந்து தொங்கக் கூடாது. உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவு இறுக்கம் சரி.

ஹார்னஸையும் டவரையும் இணைப்பது லேன்யார்டு. டவர் வேலைக்கு ஆங்கில ஒய் எழுத்தைப் போல இரண்டு கிளை பிரியும் லேன்யார்டு வேண்டும். ஒவ்வொரு கிளை முனையிலும் டவர் சட்டத்தைக் கவ்வும் அளவு வாய் அகன்ற பெரிய கொக்கி இருக்கும். கிளைகள் சேரும் இடத்தில் மடித்துத் தைத்த ஒரு பை இருக்கும். அதுதான் ஷாக் அப்சார்பர்.

அந்தப் பை எதற்கு? 80 கிலோ ஆள் 2 மீட்டர் விழுந்து, நீளாத கயிறு ஒன்று அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உடம்பின் மேல் ஒன்றரை டன்னுக்கு மேல் விசை விழும். கயிறு அறாது, ஆள்தான் உடைவார். ஷாக் அப்சார்பரின் தையல்கள் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கிழியும்படி தைக்கப்பட்டவை. அவை கிழியக் கிழிய நிற்கும் தூரம் நீள்கிறது, விசை குறைகிறது. ஐரோப்பியத் தரப்படி அது 6 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 600 கிலோ எடைக்குச் சமம். அப்போதும் வலிக்கும், ஆனால் உயிர் தப்பும். ஒருமுறை கிழிந்த பையைத் திரும்பத் தைத்துப் பயன்படுத்துவது தற்கொலைக்குச் சமம். யாரோ விழுந்து தாங்கிய ஹார்னஸையும் லேன்யார்டையும் வெட்டிப் போட்டுவிட வேண்டும், வேறொருவர் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி.

கொக்கி மாற்றும் முறை

முதல் கொக்கியைத் தலைக்கு மேலே எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அது இடுப்பளவுக்கு வரும்வரை ஏறுங்கள். இரண்டாவது கொக்கியை அதற்கும் மேலே மாட்டி, பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் கீழே உள்ளதைக் கழற்ற வேண்டும். மேலே ஒன்று பூட்டாமல் கீழே ஒன்று கழலக் கூடாது. முறை இவ்வளவுதான். ஆரம்பத்தில் சலிப்பாக இருக்கும், நேரம் பிடிக்கும். பழகியபின் கை தானாகச் செய்யும்.

கொக்கி எங்கே இருக்கிறது என்பதில்தான் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. 2 மீட்டர் லேன்யார்டைத் தலைக்கு மேலே மாட்டியவர் வழுக்கினால், கயிறு இறுகும்வரை 2 மீட்டருக்கும் குறைவாகத்தான் விழுவார். அதையே காலடியில் மாட்டியிருந்தால், முதலில் கொக்கி வரைக்கும், பிறகு அதற்குக் கீழே கயிற்றின் முழு நீளத்துக்கும் என்று ஏறக்குறைய மூன்றரை மீட்டர் விழுவார். ஆளும் அதே ஆள், கயிறும் அதே கயிறு. மாட்டிய இடம்தான் வித்தியாசம்.

மொட்டை மாடிக் கம்பங்களில் வேலை செய்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கயிற்றின் நீளம் 2 மீட்டர். அப்சார்பர் கிழிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை போகலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். அதற்கும் கீழே ஒரு மீட்டர் இடைவெளி. கூட்டினால் 6 மீட்டருக்கு மேல். அதாவது, மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் காலி இடம் இல்லாவிட்டால், எல்லாம் சரியாக மாட்டியிருந்தும் ஆள் தரையில் மோதலாம். 4 மீட்டர் உயரத்தில் வேலை செய்பவரை நீள லேன்யார்டு காப்பாற்றாது. அங்கே வேண்டியது குட்டையான கயிறு, அல்லது இழுத்தால் உடனே பூட்டிக்கொள்ளும் சுருள் வகை லைஃப்லைன். அதைவிட நல்லது, கம்பத்தில் ஏறாமல் பக்கத்தில் சாரம் போட்டுக்கொள்வது. கம்பம் மாடியின் ஓரத்தில் இருந்தால், விழும் ஆழம் மாடித் தரையோடு நிற்காது, தெருவரைக்கும் போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கொக்கியை மாட்ட டவரின் கால், அல்லது கால்களை இணைக்கும் கனமான குறுக்குச் சட்டம்தான் சரி. கேபிள் தட்டு, ஆன்டெனா பிடிமானம், மின்னல் கடத்தியின் பட்டை ஆகியவற்றில் மாட்டக் கூடாது. அவை ஆளைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

இன்னொன்று, அனுபவசாலிகளிலும் பலர் கவனிக்காதது. ஒரு கொக்கி டவரில் இருக்கும்போது, சும்மா தொங்கும் மற்றதை ஹார்னஸின் பக்க வளையத்தில் மாட்டிவைப்பார்கள். அப்படிச் செய்தால், விழும்போது விசை அப்சார்பர் வழியாகப் போகாமல் அந்தக் கிளை வழியாக நேராக உடம்பில் இறங்கிவிடும். கொஞ்சம் இழுத்தாலே பிய்த்துக்கொண்டு வரும் சின்ன வார் ஒன்று நல்ல ஹார்னஸ்களில் மார்புப் பக்கம் இருக்கும். சும்மா இருக்கும் கொக்கியை அதில்தான் வைக்க வேண்டும்.

வேலை செய்யும் இடம் வந்ததும், இடுப்புப் பக்க வளையங்களில் இன்னொரு கயிற்றை மாட்டி டவரைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்துகொள்ளலாம். இரண்டு கையும் விடுதலை. அப்போதும் முதுகுக் கொக்கி தலைக்கு மேலே பூட்டியபடியே இருக்க வேண்டும். சாயும் கயிறு இரும்பு விளிம்பில் உரசி அறுந்தால் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

டவரே விழுந்தால்

எவ்வளவு நன்றாகப் பிணைத்துக்கொண்டாலும், பிணைத்த பொருள் நிற்க வேண்டுமே. 2014 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் அருகே ஒரு செல்போன் டவர் சரிந்தது. அதை வலுப்படுத்துவதற்காகக் குறுக்குச் சட்டங்களைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள். தற்காலிகத் தாங்கல் கொடுக்கவில்லை. மேலே இருந்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். சிறிது நேரத்தில் பக்கத்திலிருந்த சின்ன டவரும் விழுந்து, மீட்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவரும் உயிரிழந்தார். டவர் தொழிலில் அமெரிக்காவில் 2013-இல் 13 பேர், 2014-இல் 12 பேர் இறந்ததாக ஓஷா பதிவு செய்திருக்கிறது. முதலாளிகள் விழுதல் தடுப்புச் சாதனம் கொடுக்காததும், கொடுத்ததைத் தொழிலாளர்கள் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்காததும் பெரிய காரணங்கள் என்று அப்போதே அது எச்சரித்தது.

நம் ஊரில் சின்ன ஆபரேட்டர்கள் நிறுத்துவது பெரும்பாலும் ஸ்டே கம்பி, அதாவது சாயாமல் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் கம்பி, கட்டிய ஒல்லி டவர்கள். இவற்றின் உயிர் ஸ்டே கம்பிகளில் இருக்கிறது. ஏறுமுன் ஒவ்வொரு கம்பியின் முனைக்கும் நடந்துபோய்ப் பாருங்கள். தரையில் புதைத்த கொக்கி துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா? கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் தானாகத் திரும்பாதபடி கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதா? மடித்த கம்பியை இறுக்கும் யூ வடிவக் கிளிப்புகளில், தட்டையான அடிப்பாகம் பாரம் இழுக்கும் கம்பியின் மேலும், யூ வளைவு வெட்டிவிட்ட குட்டை முனையின் மேலும் உட்கார்ந்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டிருந்தால் பாரம் தாங்கும் கம்பி நசுங்கியிருக்கும். ஆள் மேலே இருக்கும்போது எந்த ஸ்டே கம்பியையும் தளர்த்தக் கூடாது, 'கொஞ்சம் நேராக்குகிறேன்' என்றுகூட. கடலோர ஊர்களில் குழாயின் வெளிப்பூச்சு பளபளத்தாலும் உள்ளே தண்ணீர் தேங்கி அரித்திருக்கலாம். அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சத்தம் மாறுவது தெரியும். சந்தேகமாக இருந்தால் ஏறவேண்டாம். ஒற்றை ஜி.ஐ. பைப் கம்பத்தில் ஏறவே கூடாது. அதைச் சாய்த்து இறக்கித் தரையில் வைத்துத்தான் வேலை. சாய்க்கும்போது பக்கத்தில் மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பத்தின் முழு நீளமும் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்.

வானமும் தேனீயும்

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குமேல் கோடை இடி கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாள்களில் ஏறுவதென்றால் விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது நல்லது. இரும்பும் அப்போது கையைச் சுடாது. மின்னல் வெட்டியதிலிருந்து இடிச்சத்தம் கேட்கும்வரை 30 நொடிக்குள் என்றால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். உடனே இறங்க வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மறுபடி ஏறக் கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் விழும் வாய்ப்பை எச்சரிக்கும். கீழே நிற்பவர் போனில் அது இருக்கட்டும்.

மலைத்தேனீயும் கதண்டும் டவர்களில் கூடு கட்டும். பாதி உயரத்தில் கூடு கலைந்தால் ஓட இடம் இல்லை. கையை வீசி விரட்டத் தோன்றும், கொக்கியைக் கழற்றி வேகமாக இறங்கத் தோன்றும். கீழிருந்தே பைனாகுலரிலோ போன் கேமராவிலோ டவரை முழுக்கப் பார்த்துவிட்டு ஏறினால் இது பெரும்பாலும் தவிரக்கூடியதே. கூடு இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

ரேடியோ அலை பற்றி நிறையப் பேர் கேட்பதுண்டு. வீட்டு இன்டர்நெட் ரேடியோவின் சக்தி மிகக் குறைவு. அதே டவரில் செல்போன் ஆன்டெனாக்கள் இருந்தால் அவற்றின் முன்பக்கம் நெருங்கி நிற்கக் கூடாது. அவற்றை நடத்தும் நிறுவனத்திடம் சொல்லி, வேலை முடியும்வரை சக்தியைக் குறைக்கவோ அணைக்கவோ வைக்க வேண்டும். எஃப்.எம். ஒலிபரப்பு டவர் என்றால் அணைக்காமல் ஏறவே கூடாது. அந்த அலைவரிசையை மனித உடம்பு அதிகமாக உள்வாங்கும்.

தொங்கிக்கொண்டிருப்பவரை இறக்குவது யார்

ஹார்னஸ் ஒருவரைப் பிடித்து நிறுத்திவிட்டது. மேலே தொங்குகிறார். பலர் இத்தோடு ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறார்கள். அசையாமல் தொங்கும்போது தொடைப் பட்டைகள் அழுத்த, கால்களில் இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் தேங்குகிறது. சில நிமிடங்களிலேயே தலைசுற்றல், மயக்கம். அரை மணி நேரத்துக்குள் உயிரே போகலாம் என்று ஓஷா எச்சரிக்கிறது. சுயநினைவோடு இருப்பவர், ஹார்னஸ் பையில் வைத்திருக்கும் கால்வார்களை எடுத்துக் கால் ஊன்றி நின்றுகொள்ள வேண்டும். அது இல்லையென்றால் கால்களை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும், ஆனால் டவரில் ஏறி ஆளை இறக்குவது அவர்கள் வேலை இல்லை. கிராமத்து மேட்டில் நிற்கும் டவருக்குத் தீயணைப்பு வண்டி வந்துசேர நேரம் ஆகும். ஆகவே மீட்கும் ஆள் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். கீழே இருப்பவரிடம் இன்னொரு ஹார்னஸ், போதிய நீளக் கயிறு, பாரத்தை மெல்ல இறக்கும் கருவி ஆகியவை இருக்க வேண்டும். அதை அவர் தாழ்வான உயரத்தில் பழகியிருக்க வேண்டும். தனியாக ஏறக் கூடாது என்ற விதியின் முழு அர்த்தம் இதுதான். டீ வாங்கப் போன ஒருவரைக் கணக்கில் சேர்த்து 'இரண்டு பேர்' என்று சொல்ல முடியாது. அதேபோல அவர் டவருக்கு நேர் கீழே நிற்கவும் கூடாது. 30 மீட்டரிலிருந்து நழுவிய ஸ்பேனர் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். கருவிகளைக் கயிறு கட்டி வைத்திருப்பது, கீழே நிற்பவர்கள் தள்ளி நின்று ஹெல்மெட் போட்டிருப்பது, இரண்டும் வேண்டும்.

அவசரம் எங்கிருந்து வருகிறது

இதெல்லாம் தெரிந்தவர்களும் ஏன் கொக்கி மாட்டாமல் ஏறுகிறார்கள்? சாயங்காலம் ஐ.பி.எல். ஓடும் நேரத்தில் நெட் போகும். பத்து நிமிடத்தில் ஐம்பது போன் வரும். முதலாளி 'சட்டுனு ஏறி ஒரு ரீஸ்டார்ட் போட்டுட்டு வந்துடு' என்பார். இருட்டு, ஈரம், காற்று எல்லாம் சேர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் 'இன்றைக்கு ஏறமாட்டேன், காலையில் பார்க்கலாம்' என்று சொல்லும் உரிமை ஏறுபவருக்கு இருக்க வேண்டும். அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. அந்த உரிமையைக் கொடுக்காத முதலாளி எவ்வளவு விலை உயர்ந்த ஹார்னஸ் வாங்கிக் கொடுத்தாலும் பயன் இல்லை.

முதலாளி செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது: ஏறவேண்டிய தேவையையே குறைப்பது. ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியையும் ஸ்விட்சையும் டவரின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள், மேலே ரேடியோ மட்டும் இருக்கட்டும். தூரத்திலிருந்தே ஒவ்வொரு போர்ட்டையும் அணைத்து ஏற்றக்கூடிய ஸ்விட்ச் கிடைக்கிறது. பிங், அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அனுப்பிப் பார்க்கும் சோதனைக்குப் பதில், நின்றால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதி பெரும்பாலான ரேடியோக்களில் ஏற்கெனவே உண்டு, அதை இயக்கி வைத்தால் போதும். முக்கியமான இணைப்புக்கு முதல் முறை ஏறும்போதே இரண்டாவது ரேடியோ ஒன்றையும் பொருத்திக் கேபிளைக் கீழே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். ஒன்று செத்தால் தரையில் நின்றபடியே மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம். கனெக்டரில் தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப் சுற்றுவதும், கேபிளுக்கு வெயில் தாங்கும் உறை உள்ள வகையை வாங்குவதும், மின்னல் தடுப்பானுக்கு ஒழுங்காக எர்த் கொடுப்பதும் முதல் நாளே செய்யவேண்டியவை. மழைக்காலத்து இரவுகளில் வரும் அழைப்புகளில் நிறைய, அன்றைக்கு விட்டுப்போன இந்தச் சின்ன வேலைகளால் வருபவை.